சொப்புப் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வீட்டிலேயே செய்து தரக்கூடிய விளையாட்டுப் பொருள்களைப் பற்றிக் கேள்வி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள் பலவற்றில், 'வீட்டில் செய்ததுதானே, இதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?' என்ற தொனியைக் கண்டேன். கடைப் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது, அந்த முத்திரை பெறும் பொம்மையை ஆய்வகத்தில் இழுத்தும் திருகியும் கீழே போட்டும் பார்த்திருப்பார்கள். நம் கையால் செய்யும் பொம்மைக்கு அந்த ஆய்வகமும் நாமேதான் என்பதை மனத்தில் கொண்டே கீழ்க்காணும் பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் பேத்திக்கு ஏழு மாதம் ஆகிறது. எங்கள் அம்மா செய்ததைப் போலவே பனை ஓலையில் கிலுகிலுப்பை முடைந்து, உள்ளே குன்றிமணி போட்டுக் கொடுத்தேன். மருமகள் அதை வாங்கிப் பரணில் போட்டுவிட்டாள். நாங்கள் எல்லாம் அதை ஆட்டித்தானே வளர்ந்தோம்?
– ஒரு பாட்டி, திருச்செந்தூர் வட்டாரம்

பதில்: அம்மா, கிலுகிலுப்பையைப் பொறுத்தவரை நான் உங்கள் கட்சி; குன்றிமணியைப் பொறுத்தவரை உங்கள் மருமகளின் கட்சி. குன்றிமணியின் பருப்பில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அதன் மேல்தோல் மிகக் கெட்டியானது என்பதால், முழு விதையை விழுங்கினால் பல நேரங்களில் அது செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். உங்கள் தலைமுறை தப்பித்துக்கொண்டது பெரும்பாலும் அந்தத் தோலின் தயவால்தான். விதை கடிபட்டு உடைந்தாலோ, கோப்பதற்காக ஏற்கெனவே ஊசியால் துளையிடப்பட்டிருந்தாலோ அந்தக் காப்பு போய்விடும். அறிகுறிகள் உடனே தெரியாமல் பல மணி நேரம் கழித்து வாந்தியும் பேதியுமாகத் தொடங்கலாம். இதற்கென்று முறிமருந்து எதுவும் இல்லை. எனவே, குழந்தை விழுங்கியிருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாரின் கண்களும் பல ஊர்களில் குன்றிமணிதான் என்பதால், பூசை முடிந்ததும் சிலையைக் குழந்தையின் கைக்கு விளையாடக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

ஓலையின் இயல்பு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பச்சையாக இருக்கும்போது எவ்வளவு இறுக்கமாக முடைந்தாலும், காய்ந்த பிறகு மடிப்புகளில் வெடிக்கும். உள்ளே இருப்பது அந்த வழியே உதிரும். ஆகவே, உங்கள் கிலுகிலுப்பைக்குள் குன்றிமணிக்குப் பதில் ஒரு கரண்டி பச்சரிசியைப் போட்டு, அதை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுங்கள். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பேத்தி தலையைத் திருப்பித் தேடுவதே அந்த வயதுக்கு நல்ல விளையாட்டு. அவள் கையில் கொடுத்து அவளே ஆட்டுவதற்கு, பெரியவர்கள் அணியும் செம்பு அல்லது எவர்சில்வர் வளையல் நான்கைந்தை ஒரு பழைய பருத்திப் புடவைக் கிழிசலில் கோத்து, இரட்டை முடிச்சாக இறுக்கிக் கொடுக்கலாம். வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லை, தினமும் கழுவலாம், பரணுக்குப் போகவும் வேண்டியதில்லை.

கேள்வி: நானும் கணவரும் பனியன் கம்பெனிக்குப் போகிறோம். எட்டு மாதக் குழந்தையை அம்மா பார்த்துக்கொள்கிறார். வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை எதையும் அவன் சீண்டுவதில்லை. கரண்டியையும் மூடியையும்தான் கேட்டு அழுகிறான். இது சரியா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முற்றிலும் சரி. அவனுடைய இரசனையை நான் பாராட்டுகிறேன். வண்ணம் எத்தனை பூசினாலும் பிளாஸ்டிக் பொம்மை நாக்குக்கு ஒரே சுவை, கைக்கு ஒரே வழுவழுப்பு, தூக்கிப் பார்த்தால் ஒரே கனம். கரண்டியோ குளிர்ச்சியாக இருக்கிறது, கீழே விழுந்தால் கணீரென்கிறது, முகத்தையும் தலைகீழாகக் காட்டுகிறது. இங்கிலாந்தில் சிறு குழந்தைகளின் பராமரிப்பைப் பற்றி நெடுங்காலம் பணியாற்றிய எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற அம்மையார், உட்காரத் தெரிந்தும் தவழத் தொடங்காத குழந்தைகளுக்கென்று 'புதையல் கூடை' என்ற ஒன்றை வகுத்தார். உயரம் குறைந்த, கவிழாத ஒரு கூடையில் அன்றாட வீட்டுப் பொருள்களைப் போட்டுக் குழந்தையின் முன் வைத்துவிட்டு, அருகில் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் முறை. பிளாஸ்டிக் பொருளை அவர் அந்தக் கூடையில் சேர்க்கவில்லை.

உங்கள் அம்மாவின் சமையலறையிலேயே கூடை நிறையப் பொருள் இருக்கிறது. மத்து, சின்னக் குழிக்கரண்டி, பித்தளை டம்ளர், உள்ளும் புறமும் தேய்த்து வழுவழுப்பாக்கிய கொட்டாங்கச்சி, சப்பாத்திக் கட்டை, காய்ந்த பீர்க்கங்கூடு, முடிச்சிட்ட கதர்த் துண்டு, ஒரு முழு எலுமிச்சம்பழம் ஆகியவற்றில் எட்டு, பத்து போதும். வாரம் ஒருமுறை இரண்டு மூன்றை மாற்றுங்கள். பீர்க்கங்கூட்டை அவன் முதன்முதலாகத் தொடும்போது அம்மாவை அவன் முகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். விரல் நுனியால் தொட்டு, இழுத்துக்கொண்டு, மறுபடி தொட்டு, பிறகு நேரே வாய்க்குக் கொண்டுபோவான். கால் மணி நேரம்கூட அதிலேயே ஓடிவிடும்.

எதைப் போடக் கூடாது என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. பொம்மைத் தர ஆய்வில், மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொருளை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் போட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் சரி, அது முழுவதும் உள்ளே அடங்கிவிட்டால் தொண்டையை அடைக்கக்கூடியது என்று பொருள். கெட்டியான அட்டையில் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டையை வெட்டி, முனையோடு முனை சேர்த்து ஒட்டினால் கிட்டத்தட்ட அதே விட்டமுள்ள வளையம் கிடைத்துவிடும். அதைக் கூடையின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். உருண்டைப் பொருள்களுக்கு இந்த அளவு போதாது. பந்து என்றால் 4.5 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை இந்த வயதில் தரவே வேண்டாம். கயிறோ நாடாவோ எதில் இருந்தாலும் ஒரு சாணுக்குள் நறுக்கிவிடுங்கள்.

கேள்வி: மூன்று வயது மகளுக்காக மைதா மாவில் களிமண் போலப் பிசைந்து தருகிறேன். மூன்றாம் நாளே பிசுபிசுத்துப் பூசணம் பூத்துவிடுகிறது. ஒன்றரை வயதுச் சின்னவன் அதைத் தின்றும் விடுகிறான். உப்புச் சேர்த்தால் தின்னமாட்டான் என்கிறார்களே?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு மாவு வேண்டும், ஒன்றைக் கொண்டு இருவரையும் சமாளிக்க முடியாது.

பெரியவளுக்கு உப்பு மாவு. இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், அதே அளவு எலுமிச்சைச் சாறு, இரண்டு கப் தண்ணீர் ஆகியவற்றை அடிகனமான வாணலியில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கை விடாமல் கிளறுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் கூழாகி, பிறகு வாணலியின் ஓரத்தை விட்டு அல்வாவைப் போலச் சுருண்டு வரும். நடுவில் விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இறக்கி, சூடு கை பொறுக்கும் அளவுக்கு வந்ததும் பத்து நிமிடம் அடித்துப் பிசையுங்கள். உங்கள் மாவு மூன்று நாளில் கெட்டதற்குக் காரணம், அதில் உப்பு இல்லாததும் அதை வேகவைக்காததும்தான். அதைத் தவிர, பச்சை மைதாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதாலும் வேகவைத்தல் நல்லது. வண்ணத்துக்கு, தண்ணீருக்குப் பதில் பீட்ரூட் சாறு சேர்த்தால் எலுமிச்சையின் புளிப்பில் சிவப்பு நன்றாகவே நிற்கும். மஞ்சள்தூள் கால் கரண்டி போதும், உடுப்பில் பட்டால் போகாது என்பது தெரிந்ததுதானே. காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வைத்தால் வாரக் கணக்கில் வரும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொண்டு மாவு நீர்விடும். அப்போது ஒரு கைப்பிடி மைதா தூவி மறுபடி வாணலியில் காட்டுங்கள். வாடை மாறியிருந்தால் இரக்கம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

சின்னவன் விஷயத்தில் உங்களுக்குச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாவின் எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் உப்பு. எலுமிச்சம்பழ அளவு உருண்டையில் இரண்டு தேக்கரண்டி உப்பு இருக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக்குள், உப்பை நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்றரை வயதுக் குழந்தை உப்புக் கரிக்கிறதென்று துப்பலாம், துப்பாமலும் போகலாம். அவனுக்குக் கொழுக்கட்டை மேல்மாவைக் கிளறிக் கொடுங்கள். அரிசி மாவைக் கொதிநீரில் உப்பில்லாமல் கிளறி, நல்லெண்ணெய் தொட்டுப் பிசைந்தால் அருமையாக உருளும், நீளும், விரல் தடம் பதியும். சிறு துண்டு வாய்க்குள் போனாலும் பலகாரம்தான். அன்றைய மாவு அன்றைக்கே தீர வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அவன் பெரிய உருண்டையாக வாய்க்குள் திணிக்காமல் பக்கத்திலேயே இருங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகன் கைப்பேசியில் பார்த்துவிட்டு, கொழகொழவென்று இழுபடும் 'ஸ்லைம்' செய்து தரச் சொல்கிறான். அதற்குப் போராக்ஸ் வேண்டுமாம். ஃபேன்சி கடையில் தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் உருண்டைகளும் கேட்கிறான். வாங்கலாமா?
– ஒரு தந்தை, கோவை

பதில்: இரண்டும் வேண்டாம். போராக்ஸ் என்பது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரம்தான். பழகிய பெயர் என்பதால் அது குழந்தை கையில் பிசையும் பொருளாகிவிடாது. கேரம் பலகையில் தூவும் போரிக் பொடியும் அதன் உறவுக்காரன்தான்; அதையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஜெல் உருண்டைகள் இன்னும் மோசமானவை. கடுகளவில் இருக்கும்போது மிட்டாய் போலத் தோன்றும். விழுங்கினால் குடலுக்குள்ளும் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொண்டே போய் அடைத்துவிடும். எக்ஸ்-ரேயிலும் பெரும்பாலும் தெரியாது என்பதால் மருத்துவர் கண்டுபிடிப்பதற்கே தாமதமாகும். வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் கட்டிலுக்கு அடியில் உருண்டு போன ஒன்றே போதும்.

மகனுக்கு ஏமாற்றம் வேண்டாம். சேலத்து ஜவ்வரிசி எதற்கு இருக்கிறது? பெரிய ஜவ்வரிசியைக் கொதிநீரில் போட்டுக் கண்ணாடி போல ஆகும்வரை வேகவைத்து, வடிகட்டிக் குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, கிண்ணத்தில் கொட்டிக் கொடுங்கள். அதே வழுக்கல், அதே பளபளப்பு. சப்ஜா விதையை ஊறவைத்தால் ஒவ்வொரு விதையும் ஒரு கொழகொழப்பு மேலாடையைப் போர்த்திக்கொண்டு தவளை முட்டை போல் நிற்கும். ஸ்லைம் ஆசை அதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு, கடையில் கார்ன்ஃபிளவர் என்று கேட்டு வாங்கும் மாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. இந்தக் கலவையை மெதுவாகத் தொட்டால் விரல் தயிரில் இறங்குவதுபோல் இறங்கும். ஓங்கிக் குத்தினால் பலகை போல் எதிர்க்கும். உள்ளங்கையில் வேகமாக உருட்டினால் உருண்டையாக நிற்பது, உருட்டுவதை நிறுத்திய நொடியில் விரலிடுக்கு வழியே ஒழுகிவிடும். விரைவாக அழுத்தும்போது மாவுத் துகள்கள் நடுவிலுள்ள நீரைப் பிதுக்கிவிட்டு ஒன்றோடொன்று முட்டி இறுகிக்கொள்வதே இதற்குக் காரணம். அவன் விளையாடி முடித்த பிறகு நீங்களும் ஒருமுறை குத்திப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். அடியில் படிந்து குழாயை அடைத்துவிடும்; செய்தித்தாளில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: பலூனுக்குள் மாவடைத்துப் பிசையும் பந்து செய்யலாமா? – ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: எட்டு வயதுக்குள் வேண்டாம். கிழிந்த பலூன் துண்டு குழந்தையின் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம். காலுறையில் அரிசியை நிரப்பி வாயை இரட்டைத் தையல் போட்டுவிடுங்கள், அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: நான்கு வயது மகன் மணலைத் தொடமாட்டான், தயிர்சாதம் கையில் பட்டால் அலறுகிறான், புல்லில் கால் வைக்கமாட்டான். பிடித்து வைத்து இரண்டு நாள் சேற்றில் கையை விட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்களுக்கு வெறும் ஈரமாகத் தெரிவது அவனுக்குத் தாங்க முடியாத உணர்வாக இருக்கலாம். பலவந்தமாகக் கையை முக்கினால் சேற்றோடு உங்களையும் சேர்த்து அஞ்சுவான்.

அவன் எந்தத் தூரத்தில் நிம்மதியாக இருக்கிறானோ அங்கிருந்து தொடங்குங்கள். முதலில் உலர்ந்த பொருள்: ஒரு தாம்பாளத்தில் கேழ்வரகைக் கொட்டி, கையால் தொட வேண்டியதே இல்லாதபடி கரண்டியும் புனலும் கொடுங்கள். ஒரு வாரம் அவன் கரண்டியால் மட்டுமே அள்ளினாலும் பரவாயில்லை. அடுத்ததாக, கொழுக்கட்டை மாவையோ குழைந்த சோற்றையோ ஜிப் வைத்த உறையில் போட்டு, வாயை நாடாவால் ஒட்டி, மேலிருந்து அழுத்தச் சொல்லுங்கள். ஈரத்தின் நெகிழ்வு தெரியும், ஈரம் கையில் படாது. பக்கத்தில் எப்போதும் ஒரு துண்டும் ஒரு கிண்ணம் தண்ணீரும் இருக்கட்டும். எந்த நேரமும் துடைத்துக்கொள்ளலாம் என்ற உறுதி இருந்தால் குழந்தை தானாகவே ஒரு விரலை நீட்டும். அந்த ஒரு விரலுக்கு ஆரவாரம் செய்யாதீர்கள். கண்டும் காணாததுபோல் உங்கள் மாவை நீங்கள் உருட்டிக்கொண்டிருங்கள்.

இத்துடன் பேச்சு தாமதம், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, மிகச் சில உணவுகளை மட்டுமே ஏற்பது போன்றவையும் இருந்தால் விளையாட்டுப் பொருள் மட்டும் போதாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டுப் போங்கள். குழந்தை மருத்துவரும் பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். அங்கே போவதை ஏதோ முத்திரை குத்திக்கொள்வதாக நினைத்து ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எங்கள் மையத்தில் இருபது குழந்தைகள். அரிசி, பருப்பில் வண்ணம் ஏற்றி விளையாட வைக்கச் சொல்கிறார்கள். சாப்பாட்டுப் பொருளை இறைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.
– ஓர் அங்கன்வாடிப் பணியாளர், தருமபுரி மாவட்டம்

பதில்: எனக்கும் வராது. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கும் வீட்டுப் பிள்ளையிடம் அரிசியைக் கொட்டி விளையாடு என்று சொல்வதில் ஏதோ இடிக்கிறது. ஆற்று மணலைச் சலித்து, மூன்று முறை அலசி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவையுங்கள். கொட்டாங்கச்சி, பழைய வடிகட்டி, நுங்கு எடுத்த கூந்தல் (பனங்காயின் வெறுங்கூடு) இவற்றோடு அது வருடம் முழுவதும் உழைக்கும். பூனை அசுத்தம் செய்யாமல் இரவில் மூடி வைப்பதை மறக்க வேண்டாம்.

பருப்பு வகையில் எனக்கு ஒரு சொந்தத் தழும்பு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுமி கொண்டைக்கடலையை மூக்கில் விட்டுக்கொண்டாள். பதற்றத்தில் நான் கொண்டை ஊசியால் எடுக்கப் பார்த்தேன். அது இன்னும் உள்ளே போயிற்று. இரண்டு பேருந்து மாறி மருத்துவரிடம் சேர்வதற்குள் மூக்கின் ஈரத்தில் ஊறி அது உப்பிவிட்டது. ஊசியைத் தொடாமல் நேரே போயிருந்தால் ஒரு நிமிட வேலை என்றார் அவர். அன்றிலிருந்து கடலை, பட்டாணி, புளியங்கொட்டை எதையும் திறந்த தட்டில் சிறு குழந்தைகளிடம் நான் வைப்பதில்லை.

மூடிய டப்பாவுக்குள் வைக்கலாம். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்து, போர்க்காலம் முடியும்வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியின் கருவிகளில், ஒலியை மட்டும் கேட்டு இணை சேர்க்கும் உருளைகள் உண்டு. அசல் கருவியில் ஆறு இணைகள். உங்களுக்கு நான்கு போதும். ஒரே மாதிரியான, உள்ளே இருப்பது தெரியாத எட்டுச் சிறு டப்பாக்களை எடுத்து, இரண்டில் மணல், இரண்டில் கேழ்வரகு, இரண்டில் துவரை, இரண்டில் புளியங்கொட்டை என்று சம அளவில் போட்டு, மூடியை எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள். அளவு வேறுபட்டால் ஒலி மாறி இணை சேராது; கரண்டியால் எண்ணிப் போடுங்கள். மணலும் கேழ்வரகும் பெரியவர்களையே குழப்பும். குழந்தைகள் காதருகே வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

கேள்வி: தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை வீட்டில் செய்ய முடியுமா? மகளுக்கு ஆறு வயது. – ஒரு தந்தை, கும்பகோணம்

பதில்: கடைப் பொம்மையின் அழகு வராது, சாய்த்தால் எழுந்துகொள்ளும் வித்தை வரும். முட்டையின் கூரிய முனையில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, ஓட்டைச் சோப்பு நீரில் நன்கு கழுவிக் காயவையுங்கள். அகன்ற முனை கீழே இருக்குமாறு ஒரு பாட்டில் மூடியில் நிறுத்தி, துளை வழியாகச் சிறு கூழாங்கற்களைப் போட்டு, உருகிய மெழுகை நீங்களே ஊற்றி, அசைக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். கனம் முழுவதும் அடியில் தங்குவதால், எந்தப் பக்கம் தள்ளினாலும் அது அந்தக் கனத்தைக் கீழே கொண்டுவரவே திரும்பி நிமிரும். துளையைக் காகிதக் கூம்புத் தொப்பியால் மறைத்து, முகத்தை மகளே வரையட்டும். பொம்மை நிமிராமல் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றால் மெழுகு சரிவாக உறைந்துவிட்டது என்று பொருள்; ஓட்டை வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் உள்ளே இளகி மட்டமாகிவிடும். முகம் வரைவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடுங்கள்.